அலோ வளைவில் வராத அழைப்பு

1

இன்று காலை எழுந்ததும் சமையலறை அடுப்பில் இருக்கும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினேன். போனும் டிவியும் தாமாகவே மாறிக்கொள்கின்றன. அடுப்பும் காரும் கூடத்துச் சுவர்க் கடிகாரமும் மட்டும் யாராவது வந்து காதைத் திருகினால்தான் கேட்கும். மெல்போர்னில் ஏப்ரல் மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் இந்த வேலை ஒன்று உண்டு. அக்டோபரில் நேரத்தை முன்னால் தள்ள வேண்டும், ஏப்ரலில் பின்னால். கோடையில் சாயங்காலம் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும் என்று இப்படி ஓர் ஏற்பாடு.

இதை முதல் தடவை ஊரில் சொன்னபோது என் தம்பி பெண்டாட்டி கலா நம்பவில்லை. மணியை மாற்றினால் மாடு கறக்கும் நேரமும் மாறுமா, சூரியனுக்கு யார் போய்ச் சொல்வது என்று கேட்டாள். நல்ல கேள்விதான். பதினைந்து பேர் சேர்ந்த கூட்டத்தில்கூட இங்கே யாரும் அதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

இங்கே எல்லோருக்கும் ஏப்ரல் ஞாயிறு பிடிக்கும். ஒரு மணி நேரம் தூக்கம் இனாம். எனக்கு இந்த நாளைக் கண்டாலே ஆகாது. எட்டு வருடமாக ஆகாது. ஏன் என்று என் கணவருக்கு மட்டும் பாதி தெரியும். மீதிப் பாதியை இந்த வாரம்தான் வாய்விட்டுச் சொன்னேன். சொல்ல வைத்தது ஓர் அபராதக் கடிதம்.

2

அரசாங்கக் கடிதம் என்றால் உடனே பிரிக்கமாட்டேன், இரண்டு தடவை திருப்பிப் பார்ப்பேன். விசாவுக்காக வருடக்கணக்கில் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த பழக்கம். இந்தக் கடிதத்தைப் பிரித்தால் உள்ளே என் படம். சாலைக்கு மேலே கம்பத்தில் இருக்கும் கேமரா, காரின் முன்கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்து எடுத்தது. முகம் பாதிதான் தெரிகிறது. மடி நன்றாகத் தெரிகிறது. சீட் பெல்ட், பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பை, இடது கையில் போன், போன் மேல் கட்டைவிரல்.

வண்டி ஓட்டும்போது போனைக் கையில் பிடித்த குற்றம் என்று மேலே எழுதியிருந்தது.

நான் வேலை செய்வது வயதானவர்களின் வீடுகளில். ஒரு வீட்டில் குளிப்பாட்டி விடுவேன், அடுத்த வீட்டில் கஞ்சி கொடுத்து மாத்திரை எடுத்துக் கொடுப்பேன், அதற்கடுத்த வீட்டில் படுக்கை மாற்றுவேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு வீடு. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் கார்தான் எனக்கு ஆபீஸ். எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் போனில்தான் வரும். திடீரென்று ஒரு வீட்டை மாற்றி அனுப்புவார்கள். உடனே பச்சைப் பொத்தானை அழுத்தி ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அன்றைக்கு வண்டி நடக்கிற வேகத்தில்தான் ஊர்ந்துகொண்டிருந்தது. போன் கூவியது. எடுத்து அழுத்திவிட்டேன். எண்ணி இரண்டு விநாடி இருக்கும்.

மற்றவர்கள் என்றால் சரி. நான் செய்யலாமா? உலகத்தில் போனையும் வண்டியையும் சேர்த்துப் பார்த்தால் நடுங்க வேண்டிய ஒருத்தி இருக்கிறாள் என்றால் அது நான்தான். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டு, நம் மடியிலேயே கேமரா வந்து பார்க்கும்படி வைத்துக்கொண்டேனே என்று அந்தப் படத்தைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

கடிதத்தின் பின்பக்கம் மூன்று வழி கொடுத்திருந்தார்கள். அபராதம் கட்டலாம். ஓட்டியது நான் இல்லை, இன்னார் என்று வேறு பெயர் கொடுக்கலாம். அல்லது மறுபரிசீலனை கேட்கலாம். என் லைசன்ஸில் ஏற்கெனவே வேகத்துக்காகப் புள்ளிகள் விழுந்திருந்தன. இதையும் சேர்த்தால் லைசன்ஸ் சில மாதம் கையைவிட்டுப் போகும். லைசன்ஸ் போனால் வேலை போகும். என் கணவர் கிடங்கு வேலை முடிந்து வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, அவர் லைசன்ஸ் சுத்தமாக இருப்பதால் அவர் பெயரைப் போட்டுவிடலாம் என்றார். பிறகு படத்தை வாங்கிப் பார்த்தார். படத்தில் என் கையில் இரண்டு கண்ணாடி வளையல். நீங்கள் எப்போதிலிருந்து வளையல் போட ஆரம்பித்தீர்கள் என்று கேட்டேன். வீட்டில் அன்றைக்குச் சிரிப்பு வந்தது அந்த ஒரு தடவைதான்.

ஆனால் சிரித்து முடித்ததும் கடிதத்தை அவரிடமிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். ஒருவர் செய்ததை இன்னொருவர் பெயரில் எழுதுவது எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை.

3

எங்கள் ஊர் சின்னசேலத்துக்கும் கச்சிராயபாளையத்துக்கும் நடுவில். தலையைத் தூக்கினால் கல்வராயன் மலை. எனக்கு ஒரே தம்பி, பெயர் ஏழுமலை. நான் இங்கே வந்து சேர்ந்த வருடம்தான் அவன் ஒரு குட்டியானை வாங்கினான். குட்டியானை என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும், சின்ன லோடு வண்டி. சனிக்கிழமை சாயங்காலம் வெள்ளிமலைக்குப் போய்ப் புளியோ பலாப்பழமோ கடுக்காயோ ஏற்றுவான். ராத்திரி வண்டியிலேயே படுத்து எழுந்து, ஞாயிறு விடிந்ததும் இறங்கிச் சின்னசேலத்தில் கொண்டுபோய்ப் போடுவான்.

மலைமேல் அப்போதெல்லாம் போனில் கோடு விழாது. இறங்கும் வழியில் ஒரு வளைவில் வந்தால்தான் சமவெளியின் டவர் எட்டும். எட்டினால் எப்படி? ராத்திரி முழுக்கச் சேர்ந்த அத்தனையும் அந்த ஒரு வளைவில் வந்து கொட்டும். பெண்டாட்டி அழைத்தது, மண்டிக்காரர் அழைத்தது, மாமனார் அழைத்தது. வளைவு திரும்பும்போது போன் அலறும். ஒரு பக்கம் பள்ளம், ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை சட்டைப் பையில். இரண்டு ஜீப்புகள் அங்கே பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் தப்பின. அதற்குப் பிறகு லோடு வண்டிக்காரர்களே ஒன்றுகூடி ஒரு காரியம் செய்தார்கள். வளைவைத் தாண்டியதும் ஓரத்தில் புதர் வெட்டி, மண் கொட்டி, கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, நாலு வண்டி நிற்கிற மாதிரி இடம் பண்ணினார்கள். இறங்கும் வண்டி எதுவானாலும் அங்கே நிற்க வேண்டும், பேச வேண்டியதைப் பேச வேண்டும், போனை வண்டியின் முன்பக்கத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். போலீஸ் போட்ட சட்டம் இல்லை, போர்டு கிடையாது. ஆனால் யாரும் மீறமாட்டார்கள். நிற்காமல் போகிறவனைப் பார்த்து, இவனுக்கு உலகத்தில் யாருமே இல்லை போலிருக்கிறது என்று கேலி பண்ணுவார்கள். அந்தக் கேலிக்குப் பயந்தே நிற்பார்கள்.

அந்த இடத்துக்கு அலோ வளைவு என்று பெயர். காலை ஆறரைக்குப் போனால் வரிசையாக வண்டிகளும், ஆளுக்கொரு மூலையில் நின்று அலோ அலோ என்று கத்தும் ஆண்பிள்ளைகளும். சண்டைக்கோழிகள் மாதிரி இருக்கும் என்று ஏழுமலை சொல்வான்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சும் அங்கேதான். எனக்கு அப்போது ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை. சாப்பாட்டு இடைவேளை பகல் பன்னிரண்டு மணி. இங்கே பன்னிரண்டு என்றால் அங்கே ஆறரை. அலோ வளைவுக்கு அவன் வந்து நிற்கும் நேரம். கடவுள் பொருத்தம் பார்த்து வைத்தது போல அமைந்தது. நான்கு மாதம் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. வண்டி ஓடும்போது போனை எடுக்கமாட்டேன் என்பதில் அவன் கறாராக இருந்தான். ஒருமுறை செவ்வாய்க்கிழமை அழைத்துவிட்டேன் என்பதற்காக, நடுரோட்டில் கூப்பிட்டு உயிரை வாங்காதே, வளைவுக்குத்தான் கூப்பிட வேண்டும் என்று திட்டினான்.

அந்தக் கண்டிப்பை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவன் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தான்.

4

நான் வந்த பிறகு வந்த முதல் ஏப்ரல் அது. அந்த ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவார்கள் என்று எனக்குத் தெரியும். மேற்பார்வை செய்யும் பெண்மணி முந்தின நாளே சொல்லியிருந்தார், நாளைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம் என்று. தூங்கினேன். வந்ததிலிருந்து அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை. போன் தானாகவே மணியை மாற்றிக்கொண்டது. எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. வேலைக்குப் போனேன். பன்னிரண்டுக்கு இடைவேளை விட்டார்கள். வழக்கம்போல அவனை அழைத்தேன்.

இங்கே தள்ளியது அங்கே தள்ளப்படவில்லை என்பது என் மண்டையில் ஏறவில்லை. பன்னிரண்டு என்றால் ஆறரை, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. அன்றைக்கு அங்கே ஏழரை.

பிற்பாடு அவன் சொல்லித்தான் தெரியும், ஆறரைக்கு அலோ வளைவில் நின்றிருக்கிறான். ஆறே முக்கால் வரை நின்றிருக்கிறான். முந்தின ஞாயிறு நான் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டதை அவனிடம் சொல்லியிருந்தேன். பேச்சுவாக்கில் சொன்னது. சொல்லியிருக்க வேண்டாம். மற்ற வண்டிகள் எல்லாம் பேசி முடித்துக் கிளம்பிப் போயின. இவன் மட்டும் சுண்ணாம்புக் கல்மேல் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தானாம். அவன் போனிலிருந்து வெளிநாட்டுக்குக் கூப்பிட முடியாது. அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறான். லோடு காத்திருக்கிறது. கடைசியில் கிளம்பினான். கிளம்பும்போது போனைப் பெட்டிக்குள் போடவில்லை, மடியில் வைத்துக்கொண்டான்.

மலை இறங்கி, கச்சிராயபாளையம் தாண்டி, எங்கள் ஊர் எல்லைக்கு வரும்போது மணி ஏழரை. மடியில் இருந்த போன் அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டு எடுத்தான்.

"அக்கா, இன்னா ஆச்சி? ஏன் கூப்புடல?"

இவ்வளவுதான் சொன்னான். பிறகு ஒரு சத்தம். அதை நான் எழுதப் போவதில்லை. சத்தத்துக்குப் பிறகு ஒன்றுமே இல்லை, ஆனால் போன் அணையவில்லை. எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. நான் ஏழுமலை, ஏழுமலை என்று கத்தினேன். எங்கடா இருக்க, எங்க இருக்க என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். துடைப்பக் கட்டைகள் வைக்கும் அறையில் நின்றுகொண்டு கத்தினேன்.

அப்போது, போனுக்கு ரொம்ப தூரத்தில், ஒரு குரல் வந்தது. தம்பியின் குரல் இல்லை. வயதான ஆண் குரல். இங்க, இங்க கெடக்குறேன் என்றது.

நான் போனை வைத்துவிட்டேன்.

5

சாயங்காலம்தான் கலா அழைத்துச் சொன்னாள். ஏழுமலைக்கு நெற்றியில் அடி, ஸ்டியரிங்கில் மோதி மயங்கிக் கிடந்திருக்கிறான், பிழைத்துக்கொண்டான். வண்டி ஏறியது செல்வராசு அண்ணன் மேல். எங்கள் தெருவிலேயே ஐந்தாவது வீடு. நாலு மாடு வைத்துக்கொண்டு, சைக்கிளில் கேன் கட்டிப் பால் சொசைட்டிக்குக் கொண்டுபோகிறவர். பாலை ஊற்றிவிட்டுக் காலிக் கேனோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். சாலையில் அந்த நேரத்தில் வேறு யாரும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்த பஸ்காரர்கள்தான் இரண்டு பேரையும் தூக்கிப்போட்டுக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனார்களாம். அண்ணனுக்கு உயிர் இருந்தது. இடது கால் தொடையிலிருந்து சிதைந்துவிட்டது. பல மாதம் படுக்கை. இப்போது ஊன்றுகோல். சைக்கிள் மிதிக்க முடியாது.

போலீஸில் ஏழுமலை, விடிய விடியக் கண் முழித்திருந்தேன், அசந்துட்டேன் என்று சொன்னான். கள்ளக்குறிச்சி கோர்ட்டிலும் அதையேதான் சொன்னான். வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்து, தண்டனை எதுவோ அதை வாங்கிக்கொண்டான். போன் என்ற சொல் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஏன்டா என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "உன் பேரு எதுக்குக்கா அங்கல்லாம் வரணும்" என்றான். அந்த ஞாயிறு ஏன் நேரத்துக்கு அழைக்கவில்லை என்று அவனும் ஒருமுறை கேட்டான். வேலை ஜாஸ்தி, விட மாட்டோம் என்றுவிட்டார்கள் என்று பொய் சொன்னேன். கடிகாரத்தைத் தள்ளியதை மறந்துபோனேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஒரு கால் போயிருக்கிறது, அதற்குக் காரணம் கடிகாரம் என்று எப்படிச் சொல்வது? அந்தக் குரல் எனக்குக் கேட்டதை அவனிடமும் சொல்லவில்லை.

வண்டியை விற்றுவிட்டான். அதற்குப் பிறகு போன் வைத்துக்கொள்ளவில்லை. இன்றுவரை இல்லை. அவனிடம் பேச வேண்டும் என்றால் கலாவின் போனில்தான் கூப்பிட வேண்டும். பெரும்பாலும் அவன் வீட்டில் இருக்கமாட்டான். இருந்தாலும், ம், சரிக்கா, சாப்ட்டியா, அதோடு சரி.

இன்னொன்றும் செய்தான். செல்வராசு அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள் விடியற்காலை, அவர் வீட்டு வாசலில் போய் நின்றான். அவர் பெண்டாட்டி மாடு கறந்து வைத்திருந்த கேன்களை எடுத்துத் தன் சைக்கிளில் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போய் ஊற்றிவிட்டு வந்தான். யாரும் கேட்கவில்லை. அவர்களும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. எட்டு வருடமாகப் போகிறான். மழையில் போகிறான். காய்ச்சலில் போகிறான். தன் மகள் காது குத்தலன்றுகூட முதலில் பாலை ஊற்றிவிட்டுத்தான் வேட்டி மாற்றினானாம். கலா சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்விட்டாள்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டி ஓட்டும்போது போன் எடுக்காதே என்று எல்லோரும் ஓட்டுகிறவனுக்குத்தான் சொல்கிறார்கள். அழைக்கிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. துபாயிலும் சிங்கப்பூரிலும் இங்கேயும் உட்கார்ந்துகொண்டு, நமக்கு ஓய்வு கிடைத்த நேரத்தில் நாம் கூப்பிடுகிறோம். அங்கே அவர்கள் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. எடுக்காவிட்டால் கோபித்துக்கொள்கிறோம். வெளிநாட்டு நம்பர் என்றால் அவர்களும் எடுக்காமல் இருப்பதில்லை. நாம் அழைக்கும்போது அந்த வண்டியில் நாமும் ஏறி உட்காருகிறோம், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

6

மறுபரிசீலனைப் படிவத்தில் ஒரு பெரிய கட்டம் இருந்தது. சூழ்நிலையை விளக்கவும் என்று தலைப்பு. நான் மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். முதலில் வேலையைப் பற்றி எழுதினேன், பச்சைப் பொத்தானைப் பற்றி எழுதினேன். பிறகு பேனா எங்கோ போய்விட்டது. என் தம்பி வண்டி வைத்திருந்தான், ஒரு வளைவில் நிற்பான் என்று எழுதினேன். கட்டம் நிரம்பிப்போய்த் தனித்தாள் எடுத்தேன். என் ஆங்கிலத்தில், இறந்தகாலமும் நிகழ்காலமும் கைகலந்து கிடக்கும் ஆங்கிலத்தில், இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். எல்லாவற்றையும். குரல் கேட்டதையும், போனை வைத்ததையும்.

பிழை பார்க்கச் சொல்லி மகளிடம் கொடுத்தேன். பதினேழு வயது. யாழினி என்று பெயர் வைத்தோம், பள்ளியில் யாஸ். வரும்போது ஒன்பது வயது, கல்வராயன் மலையை ஒரு கலர் பென்சிலில் வரைந்து காட்டுவாள். இப்போது மாமாவைப் பற்றிப் பேசினால், அந்தப் பால் மாமாவா என்று கேட்கிறாள். ஓட்டுநர் பயிற்சி உரிமம் வாங்கியிருக்கிறாள். காரில் ஏறியதும் முதல் வேலையாகத் தன் போனையும் என் போனையும் வாங்கிப் பெட்டிக்குள் போட்டு மூடுவாள். இங்கே சொல்லிக்கொடுத்த பழக்கம். முதல் தடவை அவள் அந்த மூடியைச் சாத்தியபோது எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று கேட்டாள். வெங்காயம் நறுக்கினேன் என்றேன். காரில் ஏது வெங்காயம்?

படித்தாள். சிவப்புப் பேனாவை எடுத்தவள் அதைத் திறக்கவே இல்லை. திரும்ப ஒருமுறை படித்தாள். இதற்காக அவர்கள் அபராதத்தைத் தள்ளுபடி செய்ய மாட்டார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். தெரியும் என்றேன். அப்புறம் எதற்கு எழுதினாய் என்றாள்.

விளக்கவும் என்று கேட்டிருந்தார்களே. எட்டு வருடத்தில் என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை.

தாளை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு தமிழில் பேசினாள். எப்போதாவதுதான் பேசுவாள், அதனால் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தாள்.

"அம்மா, இந்த லெட்டர் இவங்களுக்கு இல்ல. அந்தப் பால்காரருக்கு."

அன்று மாலையே கடிதத்தின் பின்பக்கத்தில், அபராதம் கட்டுகிறேன் என்ற முதல் வழியில் குறி போட்டேன். ஓட்டியது நான்தான். லைசன்ஸ் போகட்டும். வேலைக்கு டிராமிலும் பஸ்ஸிலும் போய்ச் சேர முடிகிற வீடுகளாகக் கேட்டுப் பார்க்கலாம், கிடைக்காவிட்டால் மறுபடியும் துடைப்பக் கட்டை இருக்கவே இருக்கிறது. இரண்டு தாளையும் மடித்து வைத்துக்கொண்டேன்.

7

இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு அழைத்தேன். அங்கே ஏழரை. இந்த முறை தெரிந்தே அழைத்தேன். ஏழுமலை பாலை ஊற்றிவிட்டுக் காலிக் கேன்களோடு செல்வராசு அண்ணன் வீட்டுக்குத் திரும்பும் நேரம் அது. போனை எடுத்துக்கொண்டு அங்கே போ, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வை என்று கலாவிடம் முன்னாலேயே சொல்லியிருந்தேன். என்ன விஷயம் என்று அவள் குடைந்து பார்த்தாள். சொல்லவில்லை.

அண்ணன் குரல் வந்தது. என் பெயரைச் சொல்லி, தனமா பேசுறது, நல்லாக்கீறியா, புள்ள இன்னா படிக்குது என்று விசாரித்தார். எட்டு வருடத்தில் அவரோடு பேசுவது இதுதான் முதல் தடவை. மடித்த தாள் எதிரில் இருந்தது. அதில் இருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

"அண்ணா, அன்னிக்கு என் தம்பி தூங்கல. போன் எடுத்தான். போன் பண்ணது நான்தான்."

பின்னால் கேன் தரையில் வைக்கப்படும் சத்தம். பிறகு ஏழுமலையின் குரல், ரொம்பச் சின்னதாக. "அக்கா, வேணாம்க்கா."

நான் நிறுத்தவில்லை. கடிகாரத்தைச் சொன்னேன். வளைவில் அவன் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். அவனுக்காகச் சொல்ல வரவில்லை, எனக்காகவும் சொல்ல வரவில்லை, நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். ஒரு மாடு கத்தியது. அவன் இனிமேல் அந்த வாசலில் காலை வைக்க முடியாமல் போய்விடுமோ என்ற பயம் அப்போதுதான் எனக்கு வந்தது. எட்டு வருடம் அவன் மிதித்ததை எல்லாம் நான் ஒரு நிமிடத்தில் கொட்டிக் கவிழ்த்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

அண்ணன்தான் பேசினார்.

"எங்க இருக்க, எங்க இருக்கன்னு கூப்டுக்கினே இருந்தது நீதானா?"

ஆமாம் என்றேன்.

"என்னியத்தான் கேக்குறாங்கன்னு நெனச்சிக்கினு, இங்க கெடக்குறேன், இங்கன்னு சொன்னேன். எட்டு வருசமா என் வூட்டுக்காரி சொல்றா, அது வலியில உனக்கு வந்த கொரலு, ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லன்னு. இவனையும் கேட்டேன். போனே இல்லண்ணா, தூங்கிட்டேன்னான்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்கண்ணா."

"அப்புறம் ஏன் வச்சிட்ட?"

இடைவேளை முடிந்துவிட்டது என்று சொல்லலாம். மேற்பார்வைக்காரப் பெண்மணி கதவைத் திறந்தார் என்று சொல்லலாம். போனில் காசு தீர்ந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம், யார் பார்த்தது? எட்டு வருடத்தில் இவை எல்லாவற்றையும் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"பயந்துட்டன்ணா."

"நானுந்தாம்மா பயந்துகினு கெடந்தேன்."

போன் திறந்தே இருந்தது. மாடு மறுபடியும் கத்தியது. யாரோ கேன்களைக் கிணற்றடிக்கு எடுத்துப்போய்க் கழுவும் சத்தம் கேட்டது. தினமும் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் அவன் வீட்டுக்குப் போவான் என்று கலா சொல்லியிருக்கிறாள். ஒரு கேன், இரண்டாவது கேன். அவராகப் போனை வைக்கும் வரை நான் வைக்கவில்லை.